வேலை தேடும் விமானிக்கு சக விமானி காசு வாங்காமல் உதவுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வேலை தேடும் விமானி ஒருவர் உதவி கேட்டு வந்தால், தெரிந்த கேப்டன் யாருக்காவது ஒரு போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் நமக்கு உடனே தோன்றும். இந்த வழிகாட்டியில் அந்த போன் எட்டாவது படியாகத்தான் வருகிறது. அதையே முதல் வேலையாகச் செய்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். சிபாரிசு போய்ச் சேர்ந்த பிறகு பார்த்தால் லாக்புக்கில், அதாவது பறந்த மணிகளைக் குறிக்கும் ஏட்டில், கணக்கு உதைக்கும், இல்லையென்றால் மெடிக்கல் (உடல்தகுதிச் சான்றிதழ்) காலாவதியாகி இருக்கும். வந்தவருக்கு வாய்ப்பு போய்விடும். சொன்னவரின் வார்த்தையை அடுத்த முறை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

நானும் சில சக விமானிகளும் சில வருடங்களாக இந்த உதவியைச் செய்துவருகிறோம். யாரிடமும் ஒரு பைசா வாங்குவதில்லை. புதிதாக உதவ வருகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அமைந்த வரிசை இது.

தொடங்கும் முன் தேவைப்படுவது

தனியாளாக ஆரம்பிக்காதீர்கள். மூன்று, நான்கு பேர் போதும். ஒருவர் தேர்வுக் குழுவில் இருந்த அனுபவம் உள்ள கேப்டனாக இருந்தால் நல்லது. இன்னொருவர் சிம்முலேட்டரில் (விமானத்தைப் போலவே இயங்கும் பயிற்சிக் கருவியில்) பயிற்சி தருகிறவராக இருக்கட்டும். கடந்த ஓரிரு வருடத்தில் வேலை தேடிக் கிடைத்தவர் ஒருவர் அவசியம் வேண்டும். இருபது வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த எனக்கு இன்றைய ஆன்லைன் தேர்வு எப்படி இருக்கும் என்பது கேள்விப்பட்ட விஷயம்தான். அவருக்கு அது சமீபத்தில் எழுதிய பரீட்சை.

ஆளுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் தர முடியும் என்பதை முதலிலேயே சொல்லிக்கொள்ளுங்கள். இரவு ஃப்ளைட் முடிந்து ஓய்வில் இருக்க வேண்டிய நேரத்தில் மாதிரி இண்டர்வியூ வைக்கக் கூடாது. ஓய்வு நேரம் தூங்குவதற்காகக் கொடுக்கப்பட்டது. எவ்வளவு நல்ல காரியமானாலும் அதில் கை வைத்துவிட்டு மறுநாள் காக்பிட்டில் உட்காரக் கூடாது.

1. பணம் பற்றிய விதியை முதல் நாளே எழுதிவையுங்கள்

‘காசு வாங்க மாட்டோம்’ என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் பரிசு தர வருவார்கள். சிலர் ‘சும்மா செலவுக்கு’ என்று அனுப்புவார்கள். எழுதிவைத்த விதி இருந்தால் அதைக் காட்டி மறுப்பது சுலபம், யாருக்கும் மனக்கசப்பு வராது.

எங்கள் விதி இதுதான்: வேலை தேடுகிறவரிடம் பணம், பரிசு, ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற வாக்கு எதுவும் வாங்குவதில்லை. ஏர்லைன் தன் ஊழியருக்குத் தரும் சிபாரிசு ஊக்கத்தொகை இருந்தால், அதை வந்தவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பயிற்சிப் பள்ளிக்கோ சிம்முலேட்டர் மையத்துக்கோ ஆள் அனுப்பி கமிஷன் வாங்குவது அறவே கிடையாது. இந்தக் கடைசி வரியைப் புதியவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கமிஷன் கைக்கு வந்த நாளிலிருந்து, ‘உனக்கு இந்த டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி) இப்போது வேண்டாம்’ என்று சொல்ல வாய் வராது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 181, தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைக்கிறது. விதிவிலக்குகள் உண்டு, எல்லா நாடுகளும் அதை ஏற்கவும் இல்லை. தொழிலாகச் செய்கிறவர்களுக்கே வைத்திருக்கும் அளவுகோல் அது. சக விமானிகளான நாம் அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

2. உங்கள் சொந்தக் கம்பெனியின் விதியைப் படியுங்கள்

தேர்வில் உங்களுக்குப் பங்கு இருக்கிறதென்றால், உங்கள் கம்பெனிக்கு விண்ணப்பிப்பவருக்கு நீங்கள் பயிற்சி தரக் கூடாது. அவரைக் குழுவில் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். உள்ளே கேட்கப்படும் கேள்விகள், சிம்முலேட்டர் தேர்வின் வரிசை, மதிப்பெண் தாள் போன்றவை வெளியே போகவே கூடாது. ஒருவருக்கு உதவுவதாக நினைத்து அதைக் கொடுத்தால், நேர்மையாகத் தயாரித்து வந்த இன்னொருவரின் இடத்தைப் பறிக்கிறீர்கள். உங்கள் வேலையும் போகலாம்.

3. முதல் பேச்சில் கேட்க வேண்டியதை மட்டும் கேளுங்கள்

முதல் உரையாடலுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். லைசென்ஸ் எந்த நாட்டு அதிகார அமைப்பு கொடுத்தது, மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார், டைப் ரேட்டிங் உண்டா, கடைசியாகப் பறந்தது எப்போது, எந்த நாட்டில் வேலை செய்ய சட்டப்படி உரிமை இருக்கிறது, பயிற்சிக் கடன் எவ்வளவு, பழைய கம்பெனியோடு பாண்ட் (இத்தனை வருடம் வேலை செய்வேன், முன்பே விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது எல்லோரும் தயங்கும் கேள்வி. ஏதாவது செக்கில், அதாவது பறக்கும் திறனைச் சோதிக்கும் தேர்வில், தோற்றது உண்டா, விபத்தோ சம்பவமோ பதிவாகி இருக்கிறதா? இதைக் கேட்கும்போது ஃபர்ஸ்ட் ஆபீசரிடம் (துணை விமானியிடம்) பேசும் கேப்டன் தோரணை வேண்டாம். ‘நான் தோற்ற செக் இது’ என்று உங்களுடையதை முதலில் சொல்லுங்கள், அவரும் சொல்வார். பின்னணிச் சரிபார்ப்பில் எப்படியும் இது வெளியே வரும். தோற்ற செக்கை மன்னித்து வேலை தந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதையே மறைத்து மாட்டியவருக்கு அப்படி நடந்ததில்லை.

பேச்சில் ஆள் மிகவும் உடைந்துபோயிருப்பது தெரிந்தால் சி.வி.யைத் தள்ளிவைத்துவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். விமானிகளுக்கான சக ஆதரவுத் திட்டங்கள் பல இடங்களில் இருக்கின்றன. அங்கே தொடர்பு ஏற்படுத்திக் கொடுங்கள். ‘மெடிக்கல் போய்விடுமோ’ என்ற பயத்திலேயே பலர் வாய் திறப்பதில்லை. நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்திருக்கும் விமானிக்கு ஒரு வேலை வாய்ப்பைவிட ஒரு மனிதக் குரல் முதலில் தேவைப்படலாம்.

4. லாக்புக்கை நீங்களே உட்கார்ந்து கூட்டுங்கள்

உதவி என்று நாம் செய்வதில் பாதிக்கு மேல் இங்கேதான். இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்.

ஃபர்ஸ்ட் ஆபீசர் வேலை தேடிய ஒருவர் தன் சி.வி.யில் மொத்தம் 1,520 மணி என்று எழுதியிருந்தார். ஏர்லைன் கேட்ட குறைந்தபட்சம் 1,500. சரி, தாண்டிவிட்டார் என்று விட்டிருக்கலாம். இரண்டு மாலை உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கூட்டினோம். சிம்முலேட்டர் 38 மணி மொத்தத்தில் சேர்ந்திருந்தது. கழித்தால் 1,482. அப்புறம் பழைய பக்கங்களில் நாற்பது வரிகள் கண்ணில் பட்டன. 1 மணி 45 நிமிடத்தை 1.45 என்று எழுதியிருந்தார், தசமத்தில் அது 1.75. 1 மணி 30 நிமிடம் 1.3 என்று இருந்தது, அது 1.5. ஒரு வரியில் 12 நிமிடம், இன்னொரு வரியில் 18 நிமிடம் என்று அவர் தனக்கே குறைத்து எழுதிக்கொண்டிருந்தார். திருத்தியபின் 11 மணி திரும்பி வந்தது. முடிவு 1,493. அவர் அப்போது பயிற்றுநராகப் பறந்துகொண்டிருந்ததால் இரண்டு வாரத்தில் மீதி ஏழு மணியைத் தாண்டினார். அதன் பிறகே விண்ணப்பம் போனது. முதலிலேயே போயிருந்தால், ஆவணச் சரிபார்ப்பில் ‘மணியைக் கூட்டிக் காட்டியவர்’ என்ற பெயரோடு அந்தக் கதவு மூடியிருக்கும்.

கூட்டும்போது பார்க்க வேண்டியவை இவை. விமானம் புறப்படுவதற்காக முதன்முதலில் நகர்ந்ததிலிருந்து, பயணம் முடிந்து கடைசியாக நிற்கும் வரை உள்ளதுதான் ஃப்ளைட் நேரம். சிலர் சக்கரம் தரையை விட்டதிலிருந்து எழுதியிருப்பார்கள், சிலர் இரண்டையும் கலந்திருப்பார்கள். பி.ஐ.சி. (விமானத்துக்குப் பொறுப்பான விமானி) ஆகப் பறந்த மணியும், மேற்பார்வையில் பி.ஐ.சி. ஆகப் பறந்த மணியும் தனித்தனிப் பத்தியில் இருக்க வேண்டும். இரவு மணி என்பது மாலை சிவில் அந்தி (சூரியன் மறைந்த பிறகும் மங்கலாக வெளிச்சம் இருக்கும் நேரம்) முடிந்ததிலிருந்து காலை சிவில் அந்தி தொடங்கும் வரை. சூரியன் மறைந்த நிமிடத்திலிருந்தே எழுதிவிடுவது சர்வசாதாரணமான தவறு.

ஏ.டி.பி.எல்.லுக்கு (ஏர்லைன் கேப்டனாவதற்குத் தேவையான உயர்நிலை லைசென்ஸுக்கு) சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் இணைப்பு 1 கேட்பது மொத்தம் 1,500 மணி. அதற்குள் க்ராஸ்-கன்ட்ரி (ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பறந்தது) 200, இரவு 100, இன்ஸ்ட்ருமென்ட் (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்துப் பறந்தது) 75. அந்த 1,500இல் பயிற்சிக் கருவியில் எடுத்த மணியை அதிகபட்சம் 100 வரை அதிகார அமைப்பு ஏற்கலாம். குழப்பம் வருவது இங்கேதான். லைசென்ஸுக்கு ஏற்கப்பட்ட மணியை ஏர்லைனும் ஏற்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். விளம்பரத்தில் ‘விமானத்தில் மட்டும்’ என்று இருந்தால் சிம்முலேட்டர் மணிக்கு அங்கே மதிப்பில்லை. இரண்டு எண்ணையும் தனித்தனியே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

திருத்தம் செய்யும்போது பழைய எண்ணை அழிக்கவோ மைபூசவோ விடாதீர்கள். ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண், தேதி, கையெழுத்து. அழித்த இடம் சந்தேகத்தைக் கிளப்பும், கோடு போட்ட இடம் அவர் கவனமாகத் திருத்தியதைக் காட்டும்.

5. காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள்

லைசென்ஸ், மெடிக்கல், ஆங்கில மொழித் தகுதி, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், டைப் ரேட்டிங், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, எதிரே காலாவதித் தேதியைப் போடுங்கள். சீக்கிரம் காலாவதியாவது மேலே வரட்டும்.

முதல் வகுப்பு மெடிக்கல் பொதுவாக 12 மாதம் செல்லும். 60 வயதைத் தாண்டி வணிக விமானத்தில் பறப்பவர்களுக்கும், 40ஐத் தாண்டித் தனியாளாகப் பயணிகளை ஏற்றிப் பறப்பவர்களுக்கும் ஆறு மாதம். ஆங்கிலத் தகுதியில் நான்காம் நிலைக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் ஐந்தாம் நிலைக்கு ஆறு வருடத்துக்கு ஒருமுறையும் மறுதேர்வு என்பது சர்வதேசப் பரிந்துரை. ஆறாம் நிலைக்கு மறுதேர்வு இல்லை. இவற்றில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. அதனால் சான்றிதழில் அச்சாகி இருக்கும் தேதியைத்தான் எழுத வேண்டும், மனக்கணக்கை அல்ல.

கடைசி 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அதை மறைக்க வேண்டியதில்லை. ‘கடைசியாகப் பறந்த தேதி’ என்று நேராக எழுதினால் போதும்.

வேறு நாட்டில் விண்ணப்பிப்பவர் என்றால் லைசென்ஸ் சரிபார்ப்புக் கடிதத்துக்கு இன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதிகார அமைப்பிலிருந்து அது வர வாரக்கணக்கில் ஆகலாம். வேலை வாய்ப்பு கைக்கு வந்தபின் இந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்து சேரும் தேதியைத் தவறவிட்டவர் எங்களிடமே ஒருவர் உண்டு. இந்தப் படியை இத்தனை முன்னால் வைத்ததற்கு அவர்தான் காரணம்.

6. சி.வி. ஒரே பக்கம், ஒரே வேலைக்கு

மேலே லைசென்ஸும் ரேட்டிங்கும், அடுத்து மணிக் கணக்கு அட்டவணை, அடுத்து வேலை அனுபவம். பார்ப்பவர் முதலில் தேடுவது எண்களைத்தான். ‘சிறுவயதிலிருந்தே பறக்க ஆசை’ என்ற பத்தியை எடுத்துவிடுங்கள். அது உண்மையாகவே இருக்கும், ஆனால் எல்லோருடைய சி.வி.யிலும் இருக்கும்.

நான்காம் படியில் வந்த எண்களை அப்படியே போடுங்கள், முழுமையாக்க வேண்டாம். 1,493ஐ 1,500 என்று எழுதுவது பொய்தான். வேலை இல்லாமல் இருந்த மாதங்களையும் காலி விடாமல் ‘வேலை தேடினேன், வேறு வேலை பார்த்தேன்’ என்று எழுதச் சொல்லுங்கள். குடும்பத்துக்காகக் கடையிலோ கிடங்கிலோ வேலை பார்த்ததைச் சிலர் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, அவர்களிடம் அதை நேராகச் சொல்லுங்கள்.

7. அந்த வேலை உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்

வேலை இல்லாத விமானியைக் குறிவைக்கும் மோசடிகள் நிறைய. ஏர்லைனின் பெயரும் சின்னமும் அச்சு அசலாக இருக்கும். அனுப்பிய முகவரியில் மட்டும் ஒரு எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். இண்டர்வியூவே இல்லாமல் வேலை உறுதி என்பார்கள். அடுத்த வரியில் விசாச் செலவுக்கோ சிம்முலேட்டர் முன்பதிவுக்கோ பணம் கேட்பார்கள், அதுவும் தனிநபர் கணக்கில்.

எல்லாக் கட்டணமும் மோசடி என்று சொல்லிவிடவும் முடியாது. தேர்வுச் செலவையோ டைப் ரேட்டிங் செலவையோ விண்ணப்பிப்பவர் தலையில் போடும் ஏர்லைன்கள் நிஜமாகவே உண்டு. அதனால் மெயிலில் வந்த சுட்டியைத் தொடாமல், ஏர்லைனின் தளத்துக்குத் தனியாகப் போய் அதே வேலையும் அதே கட்டணமும் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வேலை பார்க்கும் ஒருவரிடமும் கேளுங்கள். இந்த இரண்டும் முடியும் வரை பாஸ்போர்ட் நகலைக்கூட அனுப்ப விடாதீர்கள்.

பயணிகளை ஏற்றிக்கொண்டு வலது சீட்டில், அதாவது துணை விமானியாக, பறப்பதற்கு விமானியிடமே மணிக் கணக்கில் காசு வாங்கும் திட்டங்களும் இருக்கின்றன. முடிவு அவருடையதுதான். ஆனால் என் கருத்தை நான் மறைப்பதில்லை: சம்பளம் தர வேண்டிய வேலைக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தால், அடுத்து வருகிறவரின் சம்பளமும் சேர்ந்துதான் போகிறது. மொத்தச் செலவு, கிடைக்கும் மணி, முடிந்தபின் வேலைக்கு எழுத்தில் உத்தரவாதம் உண்டா என்ற மூன்றையும் தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள்.

8. இப்போது அந்த போன்

முதலில் அவர் முறைப்படி விண்ணப்பித்து, விண்ணப்ப எண் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் யாரிடம் சொன்னாலும் ‘விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

உங்களுக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். கூடப் பறக்காதவரை ‘அருமையாகப் பறப்பார்’ என்று சொல்லாதீர்கள். நான் அனுப்பும் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘கேப்டன், வணக்கம். உங்கள் ஏர்லைனில் ஃபர்ஸ்ட் ஆபீசர் வேலைக்கு விண்ணப்பித்துள்ள ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவருடைய லாக்புக்கை முழுவதும் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 1,612 மணி, பி.ஐ.சி. 310. காகிதங்கள் எல்லாம் தேதிக்குள் இருக்கின்றன. அவரோடு நான் பறந்ததில்லை. இரண்டு மாதமாகத் தயாரிப்பில் கூட இருந்தேன், தவறைச் சுட்டினால் முகம் சுளிக்காமல் திருத்திக்கொள்கிறார். விண்ணப்ப எண் கீழே. ஒருமுறை பார்க்கச் சொன்னால் உதவியாக இருக்கும்.’

‘அவரோடு நான் பறந்ததில்லை’ என்ற வரியை எடுத்துவிடலாமே என்று புதியவர்கள் கேட்பார்கள். அந்த வரி இருப்பதால்தான் மற்ற வரிகளை நம்புகிறார்கள்.

ஒரே ஏர்லைனுக்கு ஒரே சமயத்தில் பத்துப் பேரை அனுப்பாதீர்கள். சிபாரிசு செய்ய மனம் ஒப்பாத ஆளென்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். காரணத்தையும் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘பார்க்கிறேன்’ என்று சொல்லி மாதக்கணக்கில் இழுத்தடிப்பதுதான் பெரிய கொடுமை.

9. இண்டர்வியூவும் சிம்முலேட்டரும்

மாதிரி இண்டர்வியூவை மூன்று முறை, மூன்று வேறு ஆட்கள் எடுக்கட்டும். ஒரே ஆளிடம் பழகினால் பதில் மனப்பாடமாகிவிடும். ‘கேப்டனோடு கருத்து வேறுபட்ட சமயம் ஒன்றைச் சொல்லுங்கள்’ மாதிரிக் கேள்விகளுக்கு அவர் வாழ்க்கையில் நடந்த ஐந்தாறு சம்பவங்களை எழுதிவரச் சொல்லுங்கள். என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், என்ன ஆனது, இன்று என்றால் எப்படிச் செய்வேன் என்ற வரிசையில் இருக்கட்டும். பலர் ‘நாங்கள் செய்தோம்’ என்றே பேசுவார்கள். அவர் தனியாகச் செய்தது என்ன என்று குறுக்கிட்டுக் கேளுங்கள்.

சிம்முலேட்டருக்கு எந்த வகை விமானம் என்று தெரிந்ததும், அதற்கான பிட்ச் (விமான மூக்கின் கோணம்), பவர் (இன்ஜின் விசை) எண்களை ஒரு சின்ன அட்டையில் எழுதவையுங்கள். நேர்ப்பறப்பு, இறக்கம், ஃபிளாப் (இறக்கையின் பின்பக்கத் தகடு) போட்ட பைனல் (ஓடுபாதையை நோக்கிய கடைசி இறக்கம்) என்று நான்கைந்து நிலைகள் போதும். ஆட்டோ பைலட் இல்லாமல் பறக்கும்போது கை தடுமாறுவது பெரும்பாலும் இந்த எண்கள் நினைவில் இல்லாததால்தான். மூன்று டிகிரி சரிவுக்குத் தரை வேகத்தை ஐந்தால் பெருக்கினால் இறங்கும் வேகம் வரும்: 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, பிரீஃபிங்கிலிருந்து லேண்டிங் வரை வாய்விட்டுச் சொல்லிப் பழகச் சொல்லுங்கள். இதற்குக் காசு ஆகாது, பலன் நிறைய.

தவறு செய்தபின் என்ன செய்கிறார் என்பதையும் பழக்குங்கள். உயரம் 100 அடி தவறியதை வாய்விட்டுச் சொல்லி, திருத்தி, அடுத்த வேலைக்குப் போகிறவரை மதிப்பிடுபவர் குறித்துக்கொள்வார். மௌனமாக வியர்த்துக்கொண்டே பறப்பவரோடு காக்பிட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது.

10. பதில் வந்த பிறகு

கிடைக்கவில்லை என்றால் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். அப்புறம் கூப்பிட்டு, என்ன கேட்டார்கள் என்பதைவிட எங்கே திணறினார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி விண்ணப்பிக்க எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதையும் தேதியாகக் குறியுங்கள். அந்தத் தேதியில் நீங்களாகவே கூப்பிடுங்கள். தோற்றவர்கள் தாமாகக் கூப்பிடத் தயங்குவார்கள்.

கிடைத்தால், கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை ஒருமுறை சேர்ந்து படியுங்கள். பாண்ட் எத்தனை வருடம், மாதம் மாதம் குறைகிறதா, கம்பெனியே நீக்கினாலும் கட்ட வேண்டுமா என்ற மூன்று இடங்களில் நிறுத்திப் படிக்க வேண்டும். புரியாத வரிக்கு வக்கீலிடம் போகச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் கழித்து, லைன் ட்ரெய்னிங் (வழக்கமான பயண ஃப்ளைட்டுகளில் நடக்கும் பயிற்சி) முடிந்து மூச்சு விட நேரம் கிடைத்ததும், அடுத்தவருக்கு ஒரு மாதிரி இண்டர்வியூ எடுக்க வர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள், அதைக் கடனாக்கக் கூடாது.

கடைசியாக, உங்களிடம் இருக்கும் அவருடைய பாஸ்போர்ட், லைசென்ஸ், மெடிக்கல், லாக்புக் நகல்கள் எல்லாவற்றையும் போனிலிருந்தும் மெயிலிலிருந்தும் அழித்துவிட்டு, அழித்துவிட்டதாக அவருக்கு ஒரு வரி அனுப்புங்கள்.